ஜன்னலோரத்துத் திம்மப்பன்

திம்மப்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு இன்றைக்கும் லேசில் வாய் வராது. ஆனாலும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு நாதி இல்லை. அவன் பேப்பரில் வந்தது ஒரே தடவை. ‘மின்வேலியில் சிக்கி யானை பலி, காவலாளி கைது’ என்று உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். யானைக்கு வயது போட்டிருந்தார்கள், இவனுக்குப் பெயர்கூடப் போடவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மாதேஸ்வரன். சொந்த ஊர் நாகரசம்பட்டி. அப்பாவுக்கு நாலு ஏக்கர் மாந்தோப்பு. எனக்கு மாங்காயில் புத்தி ஓடவில்லை. ஓசூரில் ஒரு மினி லாரி வாங்கி சிப்காட் கம்பெனி ஒன்றுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் வண்டியில் கேட் பாஸ் இல்லாமல் அரை டன் ஸ்கிராப் இருந்தது. நான் திருடினேனா இல்லையா என்பது கேஸ் முடிந்தால் ஊருக்குத் தெரியும். எனக்கு இப்போதே தெரியும், அதை விடுங்கள்.

எங்களை வைத்திருந்த கிளைச் சிறை எந்த ஊர் என்பது வேண்டாம். மற்ற ஊர்களில் ‘ஜெயிலுக்குப் போனால் களி தின்னணும்’ என்று பயமுறுத்துவார்கள். எங்கள் பக்கம் பிறந்தது முதல் களிதான், அந்த மிரட்டல் எங்களிடம் எடுபடாது. உள்ளே பயப்பட வேண்டியது படுக்கிற இடத்துக்குத்தான். பன்னிரண்டு பேருக்குக் கட்டிய அறையில் நான் போன அன்றைக்கு முப்பத்தேழு பேர். ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவன் திரும்பினால் வரிசையே திரும்ப வேண்டும்.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. வார்டர் போட்டதல்ல, கைதிகளே போட்டுக்கொண்டது. புதிதாக வருகிறவனுக்குக் கக்கூஸ் வாசல். ஒருவன் ஜாமீனில் போனால் அவனுக்குப் பின்னால் இருக்கிறவன் எல்லாம் ஒரு ஆள் இடம் நகர்வான். ரொம்ப நாள் இருக்கிறவனுக்கு ஜன்னல். ஒரே ஜன்னல். அதற்குக் கீழே, உள்ளே வந்து எட்டு மாதம் ஆன திம்மப்பன் படுத்திருந்தான்.

நான் கக்கூஸ் வாசலில். முப்பத்தேழு பேரும் என் காலைத் தாண்டித்தான் போவார்கள், வருவார்கள். பாதிப் பேர் தாண்ட மாட்டார்கள், மிதிப்பார்கள். அங்கே படுத்துக்கொண்டு நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன்மேல் மட்டும் காற்று அடிக்கும். என் வயிறு பற்றி எரியும். மாந்தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, ஒரு கூலிக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. அதையும் சேர்த்துத்தான் எரிந்தது.

இத்தனைக்கும் அவனுக்கு ஜாமீன் கிடைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இரண்டு பேர் சொத்துப் பத்திரம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோர்ட் சொன்னது. அவன் சொந்தத்தில் சொத்துப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தவனே கிடையாது. வெளியே போக வழி இல்லாததால்தான் அவனுக்கு அந்த ஜன்னல். இது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்து என்ன, பொறாமைக்குக் கணக்குப் புரியுமா?

திம்மப்பன் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு காலனியில் பிறந்தவன். ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. பெங்களூரில் கட்டட வேலைக்குக் கல் சுமந்தான். ஓசூரில் ரோஜாப் பண்ணையில் மருந்து அடித்தான். அப்புறம் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்தில் ஆறு வருஷம். வெள்ளை மாவுபோலத் தூசி பறக்கும், மூக்குக்கு ஒரு கர்ச்சீப், அவ்வளவுதான் பாதுகாப்பு. அங்கே இருமல் பிடித்ததும் ஊருக்கே திரும்பி, அவன் அப்பன் வேலை செய்த பண்ணையிலேயே ராகிக் காவலுக்குப் போனான். பரணில் உட்கார்ந்து தகர டப்பா தட்டி யானை விரட்டுகிற வேலை. வேலியில் கரண்ட் விடச் சொன்னது நிலத்துக்காரர். யானை செத்த அன்றைக்கு நிலத்துக்காரர் பெங்களூரில் இருந்தார், திம்மப்பன் பரணில் இருந்தான். கேஸ் அவன்மேல் வந்தது.

இதை அவன் ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டான். ஆனால் ஒரு தடவைகூட நிலத்துக்காரரைத் திட்டி நான் கேட்டதில்லை. செத்த பெண் யானையைப் பற்றித்தான் சொல்வான். விடியும்வரை மற்ற யானைகள் அதைச் சுற்றி நின்றதாம், இவன் பரணிலிருந்து இறங்கவே முடியவில்லையாம். அறையே கேட்டுக்கொண்டிருக்கும். நான் என் ஸ்கிராப் கதையைச் சொன்னால் ஒருத்தன் காது கொடுக்க மாட்டான்.

வார்டர் கரியப்பன் எல்லையோரக் கிராமத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். திம்மப்பனுக்கும் கன்னடம் வரும். அவன் கட்டியது எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கத்துப் பெண். காலையில் பூட்டைத் திறக்கும்போது கரியப்பன் எங்களை எல்லாம் மாடு ஓட்டுகிறவர் மாதிரி ஓட்டுவார். அவனிடம் மட்டும் நின்று, ‘ஊட்டா ஆய்த்தா’ என்று கேட்பார். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கே எனக்கு அன்றைக்குப் பூராவும் சாப்பாடு இறங்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல் திங்கட்கிழமை. அது மனு நாள். உள்ளே இருப்பவனைப் பார்க்க வெளியே இருந்து மனுப் போட்டு வருவார்கள், அதனால் பார்க்க வருவதற்கே மனு என்றுதான் பெயர். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் கத்துவார்கள். அனிதா, என் மனைவி, முதல் மாதம் இரண்டு தடவை வந்தாள். அப்புறம் வரவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கேள்வி வருகிறது, அவமானமாக இருக்கிறது என்று அவளுடைய அண்ணன் மூலம் சொல்லி அனுப்பினாள்.

திம்மப்பன் மனைவி சாந்தம்மா ஒரு திங்கட்கிழமை தவறவில்லை. மூன்று பஸ் மாறி வருவாள். கத்த மாட்டாள். வலையில் நெற்றியை வைத்து மெதுவாகப் பேசுவாள், அவனும் மெதுவாகப் பேசுவான், அந்தச் சந்தைக் கூச்சலில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் எப்படித்தான் காது கேட்டதோ. பேச்சும் பெரிய பேச்சு இல்லை. கன்று போட்ட மாடு, ரேஷனில் போட்ட பருப்பு, எட்டு வயது மகள் பல் விழுந்து பேசுகிற பேச்சு. எனக்கு மனு வராத நாளிலும் மனு பார்க்கிற இடத்துக் கதவு ஓரமாகப் போய் நின்று அவர்களைப் பார்ப்பேன். புண்ணைச் சொறிகிற சுகம் மாதிரிதான் அது.

அவனுக்கு இருமல் கூடியது தை மாதத்தில். சாயங்காலமானால் காய்ச்சல் வந்து கண் பளபளக்கும். விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. கல் தூசு இருமல் என்றான். முப்பத்தேழு பேர் மூச்சு விடுகிற அறையில் யாருக்கு எந்த இருமல் என்று யார் பார்ப்பது?

மாசியில் காசநோய்ப் பரிசோதனை என்று சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். எக்ஸ்ரே வண்டி ரிப்பேர், அது வரவில்லை. ஜோதிமணி என்று ஒரு மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும், ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கிறவர். இரண்டு வாரத்துக்குமேல் இருமுகிறவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார். ஐந்து பேர் நின்றார்கள், திம்மப்பன் உட்பட. அவன் தயங்கித் தயங்கித்தான் நின்றான், பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள்.

நானும் எழுந்து நின்றேன். எனக்கு இருமலும் இல்லை, தும்மலும் இல்லை. போன தடவை இதே மாதிரி பரிசோதனையில் ஒருவனுக்கு நோய் இருப்பதாக வந்து, அவனைப் பெரிய ஜெயில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே கட்டில், ஃபேன், தினமும் ஒரு முட்டை, பால். நோயைக் காட்டி வக்கீல் ஜாமீனும் வாங்கிவிட்டாராம். அந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருந்தேன். இதுவும் திம்மப்பனுக்குத்தான் போகப்போகிறது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஜன்னல் அவனுக்கு, வார்டர் அவனுக்கு, சாந்தம்மா அவனுக்கு. இப்போது முட்டையுமா? கொடுத்து வைத்தவனுக்கு நோய்கூட லாபத்தோடு வருகிறது என்று நினைத்தேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிக்காமல், நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியை அதில் பிடிக்க வேண்டும், எச்சில் உதவாது என்று ஜோதிமணி மேடம் நடித்தே காட்டினார். நேரமாகிவிட்டது என்று வெளியே ஜீப்பில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவசர அவசரமாக மார்க்கரால் நம்பர் எழுதினார். டப்பாவின் மேல் எழுதவில்லை, மூடியின் மேல் எழுதினார். திம்மப்பனுக்கு மூன்று, எனக்கு ஆறு.

மறுநாள் காலை ஆறு பேரும் டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்தோம். ஏழு மணிக்குக் கரியப்பன் வந்து எடுப்பார். மற்றவர்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போய்விட்டார்கள். திம்மப்பன் காய்ச்சல் அடித்துப் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்திருந்தான். என் டப்பாவில் இருந்தது வெறும் எச்சில். அவனுடையதில் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. இரண்டு மூடியையும் திருகி எடுத்து மாற்றிப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அரை டன் ஸ்கிராப்புக்குக்கூட அவ்வளவு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. ஆறாம் நம்பருக்குக் காசநோய். மற்ற எல்லாருக்கும் ஒன்றுமில்லை. அறையில் எல்லாரும் என்னைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்கள். என் காலை மிதித்தவர்கள் இப்போது சுவரோடு ஒட்டிப் போனார்கள். திம்மப்பன் மட்டும் பக்கத்தில் வந்து என் போர்வையை மடித்துக் கொடுத்தான்.

“மாத்திரய உடாம சாப்புடு மாதேசு. நடுவுல உட்டா ஆகாதாம்” என்றான்.

அவன் முகத்தில் ஒரு வருத்தம் இருந்தது. என்மேல் இரக்கப்பட இவன் யார் என்றுதான் எனக்குத் தோன்றியது. போர்வையைப் பிடுங்கிக்கொண்டு போனேன்.

பெரிய ஜெயில் ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது. முட்டை இருந்தது. பால் கொஞ்சம் தண்ணீர், அதனால் என்ன. மாத்திரை தின்றால் மூத்திரம் ஆரஞ்சுக் கலரில் போகும், தலை சுற்றும், மூட்டெல்லாம் வலிக்கும். இல்லாத நோய்க்கு வாங்கிய தண்டனை என்று தின்றேன். இருபதாவது நாள் ஜாமீன் கிடைத்தது. அப்பா தோப்புப் பத்திரத்தோடு வந்தார். சிகிச்சையைத் தொடர வேண்டும் என்பதற்காகத்தான் ஜாமீன் என்று உத்தரவில் எழுதியிருந்ததால் மாத்திரையை நிறுத்தவும் முடியாது. மாதாமாதம் ஜோதிமணி மேடத்திடம் போய் வாங்கி வர வேண்டும். வாயைத் திறந்தால் நேராகப் பழைய இடம்தான், கூட இன்னொரு கேஸும் சேரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் அனிதா எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டாள். மகளை என் பக்கம் விடுவதில்லை. முன் அறையில் எனக்குப் பாய், அவர்களுக்கு உள்ளே கட்டில். மாதேசு, உனக்கு வேண்டியது கிடைத்ததா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை. ஓசூரில் என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. பைக்குள் அவரைக்கொட்டை, உரித்தே கொண்டுவந்திருந்தாள். அனிதா என்னுடைய தனி டம்ளரில்தான் அவளுக்கும் தண்ணீர் கொடுத்தாள். அது நோய்க்காகவா, காலனிக்காரி என்பதற்காகவா என்று நான் கேட்கவில்லை. சாந்தம்மா அண்ணாந்து முழுசாகக் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

எனக்கு இருமல் நின்றுவிட்டதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றேன். அவருக்கு நிற்கவில்லை, துண்டில் ரத்தம் படுகிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்கிறார் என்றாள். போன பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று எழுதியிருப்பதால் மறுபடி பார்க்க மாட்டேன் என்கிறார்கள், இருமலுக்கு டானிக் மட்டும் கொடுக்கிறார்கள் என்றாள். இதைச் சொல்லிவிட்டு அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கண்ணா” என்றாள்.

“எனக்கென்ன தெரியும்? அது கல்லுத் தூசு. வெயிலு வந்தா சரியாயிடும்” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அனிதா உள்ளே இருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். கடைசியில் சாந்தம்மா, அவரைக்கொட்டை உங்களுக்குத்தான், அவர்தான் கொடுத்துவிட்டு வரச் சொன்னார், மாதேசுக்கு ஆள் இல்லை, பாவம், எப்படி இருக்கிறான் என்று பார்த்துவிட்டு வா என்றார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாவமாம். ஜாமீன் கொடுக்க ஆள் இல்லாதவன், ரத்தம் துப்புகிறவன், எனக்கு ஆள் இல்லை என்று இரக்கப்படுகிறான். வந்ததே கோபம். ஆனால் அது உண்மைதானே. என் வீட்டில் எனக்கு ஆள் இல்லை. அவனுக்கு ஒருத்தி மூன்று பஸ் ஏறி வருகிறாள், அவன் அனுப்பினால் என் வீட்டுக்கும் வருகிறாள். அந்த அவரைக்கொட்டையை நான் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து அனிதா குழம்பு வைத்தாள், ருசியாக இருந்தது என்று மகள் சொன்னது உள்ளே இருந்து கேட்டது.

அதற்கு அப்புறமும் பதினேழு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. துண்டில் ரத்தம் என்று அவள் சொன்னது காதில் இருந்துகொண்டே இருந்தது. நான் சொன்னால் அவனுக்கு மாத்திரை கிடைக்கும், சொல்லாவிட்டால் செத்துப்போவான். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம். எனக்கும் தெரிந்தது. தினமும் காலையில் அவன் தின்ன வேண்டிய மாத்திரையை நான் தின்றுகொண்டிருந்தேன்.

மாத்திரை வாங்குகிற நாளில் போனேன். ஜோதிமணி மேடத்தின் அறையில் புதிதாக நோய் கண்ட ஏழெட்டுப் பேர் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி காண்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள், வடக்கே இருந்து வந்தவர்கள் இரண்டு பேர். மேடம் என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்தினார். இவர் ஜெயிலில் இருந்து வந்தவர், ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை, எடை ஆறு கிலோ கூடியிருக்கிறது, இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஒருவர் கை தட்டினார்.

எல்லாரும் போனதும் சொன்னேன்.

“மேடம், எனக்கு இந்த நோயே கெடையாது.”

“எல்லாரும் அப்படித்தாங்க சொல்வாங்க. இதுல அசிங்கம் ஒண்ணுமில்ல” என்று சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டையை நீட்டினார்.

ஆயுளில் முதல் தடவையாக நான் உண்மை சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை. மூடியை மாற்றியதைச் சொன்னேன். மூன்றாம் நம்பர், ஆறாம் நம்பர் என்று சொன்னேன். அவர் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். மேசையில் இருந்த காலி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடியில எழுதினது நான்தான்” என்றார். அப்புறம், “அவரு பேரென்ன, எத்தன நாளாச்சு?” என்று கேட்டார்.

திம்மப்பன், மூன்று மாதம் என்றேன். அவர் என்னைத் திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, மறுபரிசோதனை என்று எழுதிக்கொள்கிறேன், உன் பெயர் வராது என்றார். எனக்கும் சளி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், நெஞ்சு சுத்தம் என்று வந்தது, மாத்திரை நின்றது. பெரிய டாக்டர் நோய் குணமாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் ஜாமீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதற்குப் பயந்து மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது வரவே இல்லை.

ஜெயிலில் இந்தத் தடவை எக்ஸ்ரே வண்டியும் போயிற்று. திம்மப்பனுக்கு இரண்டு நுரையீரலிலும் நோய். அந்த அறையில் இன்னும் ஆறு பேருக்கு. வார்டர் கரியப்பனுக்கும். கரியப்பன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதற்கும் பார்க்க வேண்டும் என்று ஜோதிமணி மேடம் அலைந்துகொண்டிருந்தார்.

திம்மப்பனை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாலாம் நாள் போனேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் மாஸ்க் போட்டுக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தம்மா கட்டில் காலடியில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் வலை இல்லை. கட்டில், ஃபேன், ஜன்னல், எல்லாம் இருந்தது. முப்பத்தெட்டுக் கிலோ என்று சீட்டில் எழுதியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும், அந்தக் கை அவன் பாதத்தில் இருந்ததைப் பார்த்து எனக்குள் சுருக்கென்றது. அப்படிப்பட்ட ஜென்மம் நான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவன் முந்திக்கொண்டான். அவன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான்.

“அங்க முட்ட குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க” என்றேன்.

“தெனமுமா?”

“தெனமும்.”

அவன் தலையை ஆட்டினான். திருப்தியாக ஆட்டின மாதிரிதான் இருந்தது. சாந்தம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கொண்டுபோன ஆப்பிளை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை அவன் போய்விட்டான். ஜாமீன் உத்தரவு அன்றைக்கும் கோர்ட்டில் கையெழுத்துக்கு ஆள் வராமல் கிடந்தது. என் அப்பாவின் தோப்புப் பத்திரத்தை அவனுக்கும் ஒரு தடவை நீட்டியிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா தெரியாது. நான் கேட்கவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அவன் ஊருக்குப் போனேன். ஓசூரில் ஏறி, தேன்கனிக்கோட்டையில் மாறி, அங்கிருந்து இன்னொரு பஸ். காலனியில் கடைசி வீடு. சாந்தம்மா வெளியே ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டுப் பாய் எடுத்துப் போட்டாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். வரும்வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். உன்னிடம் ஒன்று மறைத்துவிட்டேன், பரிசோதனைக்கு டப்பா வைத்த அன்றைக்கு என்று அந்த இடம்வரை வந்தேன்.

“தெரியும்ணா” என்றாள்.

எனக்கு என்ன கேட்டது என்றே புரியவில்லை. அவள் மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், புடைக்கவில்லை.

“நீங்க மூடிய மாத்துனதப் போர்வைக்குள்ள இருந்து அவரு பாத்துக்கினேதான் படுத்திருந்தாரு. உங்களுக்கு நோவுன்னு சொன்னப்பவே அது தன்னுதுன்னு தெரிஞ்சிருச்சி அவருக்கு. அடுத்த மனுவுல எங்கிட்ட சொல்லிட்டாரு. பெரிய ஜெயிலுக்குக் கொண்டுபோயிட்டா அவ்ளோ தூரம் நீ எப்புடி வருவ, இப்புடியே இருக்கட்டும், வெளிய வந்து பாத்துக்கலாம்னாரு. யாருகிட்டயும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு புள்ள மேல சத்தியம் வாங்கிட்டாரு.”

அவனுடைய அதிர்ஷ்டம் என்று நான் திருடியது அவனுக்கு வேண்டாத பொருள். திங்கட்கிழமையைக் கைவிட அவனுக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

“அப்பறம் எதுக்கும்மா அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்த?” என்று கேட்டேன். அதைக் கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம்.

“சத்தியம் பண்ணவ நானு. நான் சொல்லக்கூடாது. நீங்க சொல்லலாமில்ல. உங்க வாயில இருந்து வந்துரும்னுதான் அவ்ளோ நேரம் உக்காந்திருந்தன்.”

அவள் அழவும் இல்லை, என்னைச் சபிக்கவும் இல்லை. ஏதாவது ஒன்று செய்வாள் என்று நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். கையில் டீ ஆறிப்போயிருந்தது. சொன்னால் காறித் துப்புவீர்கள், அப்போதும் எனக்குச் செத்தவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

“நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது. அத உட்டா ஏழு மணிக்குத்தான்” என்றாள் சாந்தம்மா.